வளைகாப்புக்கு ஐந்து பாசி

என் கொழுந்தன் பிரவின்குமார் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. குரலை உயர்த்திக்கூடப் பேசியதில்லை. மனைவி தப்பு செய்தால் அவன் பட்டினி கிடப்பான். அன்பரசிக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது, சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில், யாருக்கும் தெரியாமல் இரண்டு இட்லி வாங்கித் தின்றுவிட்டாள். விஷயம் தெரிந்ததும் அவன் திட்டவில்லை. "உன்னைச் சரியாத் தயார் பண்ணாதது என் தப்பு" என்று சொல்லிவிட்டுப் பால்கனியில் போய் உட்கார்ந்துகொண்டான். மறுநாள் சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. அவள் காலைப் பிடித்து அழுத பிறகுதான் எழுந்து வந்து ஒரு வெள்ளரிக்காயைக் கடித்தான். குடிகாரனிடம் மாட்டிக்கொண்டால் பரிந்து பேச நாலு பேர் வருவார்கள். இவனைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது?

நான் சுஷ்மிதா, அந்த வீட்டின் மூத்த மருமகள். பொத்தேரியில் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாவது மாடியில் என் மாமியார் ஞானம்பாள், பிரவின், அன்பரசி. அதற்கு மேல் மாடியில் நானும் என் வீட்டுக்காரரும். மூன்றாவது மாடியில் அடுப்பு கிடையாது. ஐ.டி. வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிற பிரவின், சனி ஞாயிறுகளில் 'அடுப்பில்லா வாழ்வு' என்று ஒரு வகுப்பு நடத்த ஆரம்பித்தான். ஆரம்பித்த அன்றே அடுப்பைக் கழற்றி என் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். மாமியாருக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. தினமும் காலையில் வாக்கிங் என்று சொல்லிக்கொண்டு மாடியேறி வந்து, என் வீட்டில் நாலு தோசை தின்றுவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டே இறங்கிப் போவாள். ஆக அந்த வீட்டில் உண்மையிலேயே வேகாததைத் தின்றவர்கள் இரண்டு பேர்தான். அவன் நம்பித் தின்றான். அவள் அவனுக்காகத் தின்றாள்.

அன்பரசி கடப்பாக்கத்துப் பெண். அங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற சந்திரம்மாவின் ஒரே மகள். அப்பா இல்லை. ஒரு தலைமுறைக்கு முன்பு வரை அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். இவள் பொறியியல் படிக்க வந்த இடத்தில் பிரவினைப் பார்த்து அவனையே கட்டிக்கொண்டாள். அந்தக் கல்யாணத்துக்கு ஞானம்பாள் சம்மதித்ததும் மகன் பட்டினி கிடந்ததால்தான். அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. அடுப்பு மேலே வந்த அன்று என் சமையலறையில் நின்றுகொண்டு, "நல்லதாப் போச்சு. இனிமே நம்ம வீட்டுல கருவாட்டு வாசனை வராது" என்றாள். மகனுக்கு உணவு ஒரு கொள்கை. அம்மாவுக்கு அது கையில் கிடைத்த துடைப்பம்.

கடல்பாசிப் பைத்தியம் கொஞ்ச நாள் கழித்து வந்தது. சமைக்காமல் சாப்பிடுகிறவர்களுக்கு உப்பும் சத்தும் கடலிலிருந்துதான் வர வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டான். வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாயிலேயே ஓடிவிடக் கூடாதே என்பது அவன் கவலை. அதனால் பாசிகளைத் தரம் பிரித்து வைத்திருந்தான். முதலில் ஜப்பானிலிருந்து வருகிற நோரி, காகிதம் மாதிரி இருக்கும், ஊற வைக்க வேண்டாம், பிய்த்துத் தூவினால் போதும். அடுத்தது பாறைகளில் கீரை மாதிரிப் படர்கிற பச்சை இலைப்பாசி. மணல் போகும்வரை அலசி, மெல்லிசாக அரிந்து, எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். கஞ்சிப்பாசியை நன்றாக ஊற வைத்து வெயிலில் வெளுக்கப் போட்டால் கடல் வாடை போய்விடும். பழுப்பாக, தடியாக, வழவழவென்று இருப்பதையெல்லாம் நாக்கு பழகின பிறகுதான் தொட வேண்டும். "பிகினர்ஸுக்கு மைல்டா இருக்கணும், வாடை வரக் கூடாது, பல்லுல சிக்கக் கூடாது" என்பான். ஒரு வேளைக்கு ஒரு சிட்டிகை போதும் என்றும் சொல்வான். அது வகுப்புக்கு வருகிறவர்களுக்கு. பெண்டாட்டிக்குக் கிண்ணம் நிறைய.

ஏழாம் மாத ஸ்கேனில் குழந்தை எடை குறைவாக இருக்கிறது என்று செங்கல்பட்டு டாக்டரம்மா சொன்னார். சோறு, முட்டை, பருப்பு, மீன் எல்லாம் சாப்பிடச் சொன்னார். பாசியை அடியோடு நிறுத்து, அதிகமானால் வயிற்றுப் பிள்ளையின் தைராய்டைக் கெடுத்துவிடும் என்றார். நானும் கூடப் போயிருந்தேன். பிரவின் பணிவாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். காரில் ஏறி பெல்ட்டைப் போட்டதும், டாக்டர் சொன்னது ஸ்ட்ராங்கான பாசிகளைத்தான், இனிமேல் மைல்டான வகைகளை மட்டும் கொடுக்கலாம் என்றான். மறைமலை நகர் சிக்னலில் ஒரு கடையில் கொத்து பரோட்டா அடிக்கிற சத்தம் கேட்டது. பின் சீட்டில் அன்பரசி கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே நீட்டி மோப்பம் பிடித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கார் நகர்ந்த பிறகும் அவள் முகத்தை உள்ளே இழுக்கவில்லை.

நீங்கள் கேட்கலாம், ஆர்டர் போட்டுத் தின்றால் என்ன, சம்பாதிக்கிற பெண்தானே என்று. மாசமானதிலிருந்து அவளுக்கும் வீட்டிலிருந்தே வேலை, அவன் நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருக்கிறான். வாசலில் கேமரா. இதையெல்லாம்விடப் பெரிய தொல்லை, அவளுக்கு அவன்மேல் உண்மையாகவே ஆசை. அவன் பட்டினி கிடப்பதை அவளால் பார்க்க முடியாது. எனக்கு அவள்மேல் வருகிற கோபமெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான்.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு வழி. ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். பிரசவம் அங்கேதான். கடப்பாக்கம் போய்விட்டால் அம்மா சமைத்துப் போடுவாள், பிள்ளைக்கு நாலு சுற்றுச் சதை பிடிக்கும். ஆனால் பிரவின் அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தான். வளைகாப்பில் தாய்வீட்டார் கொண்டுவருகிற கலந்த சாதங்களுக்குப் பதிலாக, அவனே ஐந்து வகை செய்வான். துருவின காலிஃப்ளவர்தான் சாதம். எலுமிச்சைக்கு இலைப்பாசி, புளிக்குக் கஞ்சிப்பாசி, தேங்காய்க்கு நோரி, தயிருக்குப் பதில் முந்திரிப்பாலில் ஊறிய வெள்ளைப் பாசி, சர்க்கரைப் பொங்கலுக்குப் பதில் பேரீச்சம்பழமும் பாசியும் அரைத்த ஒரு களி. அத்தனையையும் சந்திரம்மா சபையில் உட்கார்ந்து முகம் சுளிக்காமல் சாப்பிட வேண்டும். அப்படிச் சாப்பிட்டால், அங்கேயும் மகளுக்கு இதையே கொடுப்பார் என்று அவன் நம்புவான், அனுப்பி வைப்பான். சாப்பிட முடியாவிட்டால் பிரசவம் இங்கேதான்.

அன்பரசி அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டாள். சந்திரம்மா உடனே ஒத்திகையில் இறங்கிவிட்டாளாம். கடப்பாக்கத்துக் கரையில் வலையோடு வருகிற பாசியைப் பொறுக்கி, அலசி, கண்ணை மூடிக்கொண்டு மென்று பழகுகிறாளாம். முதல் நாள் குமட்டிக்கொண்டு வந்ததாம். இப்போது விழுங்க முடிகிறதாம். இதை அன்பரசி மாடிப்படியில் என்னை நிறுத்தி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. வூட்டுக்குப் போனதும் முதல்ல புளிச்சோறுதான் அக்கா, நெத்திலிக் கருவாடு வறுத்து, என்றாள்.

வளைகாப்பு நடந்தது மாமல்லபுரத்துக்கு இந்தப்பக்கம், தேவனேரியில் வாடகைக்கு எடுத்த ஒரு கடற்கரை வீட்டில். பிரவின் அதையும் வகுப்பையும் சேர்த்தே வைத்துவிட்டான். புதிதாகச் சேர்ந்தவர்கள் சட்டையில் பெயர் அட்டை குத்திக்கொண்டு, மனையில் உட்கார்ந்திருந்த அன்பரசியைச் சுற்றிப் பாய்களில் உட்கார்ந்திருந்தார்கள். கன்னத்தில் சந்தனம் பூசியபோது அவள் கன்ன எலும்பு கையில் தட்டியது. கண்ணாடி வளையல்கள் அவள் கையில் எந்தத் தடையும் இல்லாமல் ஏறின. சோப்புத் தண்ணீர் தேவைப்படாத வளைகாப்பை நான் அன்றுதான் பார்த்தேன். ஒன்பது மாத வயிறு ஆறு மாத வயிறு மாதிரி இருந்தது. வகுப்புக்கு வந்த ஒரு அம்மாள், எவ்வளவு ஒல்லியா அழகா இருக்காங்க பாருங்க, இதுதான் பச்சை உணவோட பலன், என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அவளைப் பாயோடு சுருட்டிக் கடலில் போட்டால் என்ன என்று தோன்றியது.

சந்திரம்மா பஸ் மாறி வந்திருந்தாள். புதுப் புடவை, இன்னும் கஞ்சி மடிப்பு கலையவில்லை. கையில் வளையல் டப்பாவும் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கும். தூக்கைப் பார்த்ததும் ஞானம்பாள் வாசலிலேயே மறித்தாள். இங்கே சமைத்த பொருள் வரக் கூடாது, பிரவின் பார்த்தால் சங்கடப்படுவான், எங்கள் காரில் வைத்துவிடலாம் என்றாள். சந்திரம்மா தூக்கை நீட்டினாள். நான்தான் வாங்கிக்கொண்டுபோய், வீட்டுக்குப் பின்னால் சவுக்குமரங்களுக்கு அடியில் நிறுத்தியிருந்த காரில் வைத்தேன். மூடி இடுக்கு வழியாக வந்த புளிக்காய்ச்சல் வாசனை காருக்குள் நிறைந்தது.

சாப்பாட்டு நேரத்தில் சந்திரம்மாவை நடுவில் உட்கார வைத்தார்கள். முன்னால் பெரிய வாழையிலை. பிரவின் போனைத் தாங்கியில் நிறுத்திப் படம் எடுக்க ஆரம்பித்தான். எங்க அத்தை இதுவரைக்கும் சமைக்காத உணவைச் சாப்பிட்டதே கிடையாது, இன்னிக்குத்தான் ஆரம்பம் என்று அறிமுகம் செய்தான். அவன் குரலில் அவ்வளவு பாசம். முதலில் நோரி தூவியதை வைத்தான். அவள் அள்ளி வாயில் போட்டு, மென்று, விழுங்கி, சிரித்தாள். அடுத்து இலைப்பாசி. மென்றபோது பல்லில் மணல் கடிபடுகிற சத்தம் எனக்கே கேட்டது. அதையும் விழுங்கினாள். மனையில் அன்பரசி மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஞானம்பாள் என் இடுப்பில் இடித்தாள். "பசி உயிர் போறது. கார் சாவி யார்கிட்ட?" என்று காதில் கேட்டாள்.

என் வீட்டுக்காரரிடம்தான் இருந்தது. மூன்று பேரும் பின்பக்கமாகப் போனோம். காரில் ஏசியைப் போட்டுக் கதவை மூடிக்கொண்டு தூக்கைத் திறந்தோம். மேலே ஒரு சின்ன டப்பாவில் வறுத்த நெத்திலிக் கருவாடு, கீழே புளிச்சோறு, நல்லெண்ணெய் மினுங்க, வேர்க்கடலையும் கறிவேப்பிலையுமாக. கருவாடு என்றால் மூக்கைப் பொத்துகிற ஞானம்பாள் நெத்திலியை ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டுத் தின்றாள். நானும் தின்றேன். பொய் சொல்வானேன், அப்படி ஒரு புளிச்சோறு நான் தின்றதில்லை. பாதியில் என் வீட்டுக்காரர், அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் வைக்கலாமே என்றார். அவள் எப்படிச் சாப்பிடுவாள், பிரவின் பக்கத்திலேயே இருக்கிறானே என்று அவர் அம்மா சொன்னதும் மறுபடி கையை உள்ளே விட்டார்.

"சந்திரம்மா எல்லாத்தையும் சாப்பிட்டுடுவா போல இருக்கே. அப்போ அன்பரசியை அனுப்பித்தானே ஆகணும்?" என்று கேட்டேன்.

ஞானம்பாள் விரலை நக்கிக்கொண்டே சொன்னாள். "முகத்தைச் சுளிச்சா அவன் அனுப்ப மாட்டான். சுளிக்காம தின்னா நான் அனுப்ப மாட்டேன். என் பேரன் அந்தத் தெருவுல பொறக்கறதுக்கா நான் இத்தனை நாள் புல்லைத் தின்னுட்டிருக்கேன்?"

புல்லை அவள் எப்போது தின்றாள் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசி வாயை வழித்துப் போட்டுக்கொண்டு, ஈரத் தாளால் கையைத் துடைத்து, தூக்கை மூடிப் பின் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினோம்.

நாங்கள் திரும்பியபோது கைதட்டல் கேட்டது. சந்திரம்மா இலையை வழித்துச் சுத்தமாக்கியிருந்தாள். களியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாளாம். பிரவினுக்குக் கண் கலங்கியிருந்தது. வகுப்பில் இருந்தவர்கள் அவளைச் சுற்றி நின்று, எப்படி இருந்தது, வாடை தெரிந்ததா என்று கேட்டார்கள். கீரை மாதிரிதான் கீது, ஒண்ணும் தெரில, என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அன்பரசி அழுதுகொண்டே சிரித்தாள்.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் சந்திரம்மா மெல்ல நழுவிக் காருக்கு வந்தாள். மகளுக்கு ஒரு வாயாவது எப்படியாவது ஊட்டிவிடலாம் என்று நினைத்திருப்பாள். தண்ணீர் பாட்டில் எடுக்க மறுபடி வந்த நானும் ஞானம்பாளும் கார்க் கதவைத் திறந்துகொண்டு அங்கேதான் நின்றிருந்தோம். தூக்கைத் தூக்கியவள் அது லேசாக இருப்பதைப் பார்த்துத் திகைத்துப்போய் மூடியைத் திறந்தாள்.

ஞானம்பாள் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "உங்க பொண்ணுதான் சாப்பிட்டா. நான்தான் கூட்டிட்டு வந்து கொடுத்தேன், பாவமா இருந்தது. அவன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.

சந்திரம்மா நம்பினாள். அந்தக் கூட்டத்தில் மகள் எப்போது எழுந்து போனாள், எப்போது திரும்பி வந்தாள் என்றெல்லாம் அவள் கணக்குப் பார்க்கவில்லை. பாசியை விழுங்கிக்கொண்டிருந்தவளுக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? தூக்கு காலி என்றால் பிள்ளை தின்றிருக்கிறது, அவ்வளவுதான். ஞானம்பாளின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் உண்மையைச் சொல்லாமல், கருவாட்டு வாசனை போகாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். மாமியாரைப் பகைத்துக்கொண்டு அதே குடியிருப்பில் நான் எப்படிக் காலம் தள்ளுவது?

கிளம்புகிற நேரத்தில் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். அன்பரசியின் பெட்டி வாசலில் தயாராக இருந்தது. அப்போது ஞானம்பாள் பேசினாள். சம்பந்தி என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் அவள் வாயில் கேட்டேன். சம்பந்திக்கே நம்ம சாப்பாடு இவ்வளவு பிடித்துவிட்டது, இனி அன்பரசி எதற்கு அங்கே போக வேண்டும், இங்கே பழகின இடம், பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, சம்பந்தி ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வந்து மகளையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றாள். வகுப்புக்காரர்கள் நல்ல யோசனை என்றார்கள். பிரவின் முகம் மலர்ந்தது. நீங்களும் வகுப்பில் சேருங்கள் அத்தை என்றான்.

சந்திரம்மா சிரித்தபடியே நின்றாள். அந்தச் சிரிப்பை எப்படி இறக்கி வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தலைப்பிரசவம் தாய்வூட்டுலதான் மாப்ள, நீங்க வாக்கு குடுத்தீங்க என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அவன் அவள் தோளைத் தொட்டு ஆறுதலாகப் பேசினான். சமைத்த சோற்றின்மேல் அன்பரசிக்கு இப்போது ஆசையே இல்லை, அவள் உடம்பு மாறிவிட்டது, அங்கே போய் அந்த வாசனையில் அவளைச் சோதிக்க வேண்டாம் என்றான். வேண்டுமானால் அவளையே கேளுங்கள் என்றான்.

அதைக் கேட்டதும் சந்திரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இல்ல மாப்ள. இப்பத்தான் ஒரு தூக்கு புளிச்சோத்த துன்னுது. ஒரு பருக்கை மிச்சமில்ல. புள்ளைக்கு அவ்ளோ பசி. என்கூட அனுப்புங்க."

பிரவின் சந்திரம்மா கையிலிருந்த தூக்கை வாங்கித் திறந்து பார்த்தான். பிறகு மனைவி பக்கம் திரும்பினான்.

"நான் துன்னல" என்றாள் அன்பரசி. "சாமி சத்தியமா துன்னல."

அவன் கோபப்படவில்லை. அவன் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தூக்கை மூடிக் கீழே வைத்தான். தப்பு தன்மேல்தான் என்றான். இன்று ராத்திரியிலிருந்து மூன்று நாள் இரண்டு பேரும் தண்ணீர் மட்டும் குடிக்கலாம், உடம்பு சுத்தமாகட்டும், தானும் கூட இருப்பதால் பயப்பட வேண்டாம் என்றான். பெயர் அட்டை குத்தின ஒருவர், மாசமா இருக்கிறவங்க ஆச்சே சார் என்று இழுத்தார். அதனால்தான் மூன்று நாள், இல்லாவிட்டால் ஏழு நாள் என்று பிரவின் விளக்கினான். அன்பரசி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். புது வளையல்கள் முழங்கை வரை சரிந்தன.

சந்திரம்மா மகளைப் பார்த்தாள். அது பொய் சொல்கிற முகம் இல்லை என்று பெற்றவளுக்குத் தெரியாதா? மெதுவாகத் திரும்பி ஞானம்பாளைப் பார்த்தாள். ஞானம்பாளின் பட்டுப்புடவைக் கொசுவத்தில் ஒரு வேர்க்கடலைத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அவள் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் கையை நீட்டி, இவள்தான் தின்றாள் என்று சொல்லியிருந்தால், பிரவின் ஒருவேளை நம்பியிருக்கலாம், நம்பாமலும் போயிருக்கலாம். எப்படியானாலும் அவள் பஸ் ஏறிய பிறகு மகள் அந்த மூன்றாவது மாடிக்குத்தான் போக வேண்டும், அந்த மாமியாரோடுதான் இருக்க வேண்டும். அவள் அந்தக் கணக்கைப் போட்டு முடித்ததை நான் அவள் முகத்தில் பார்த்தேன்.

"நான்தான் துன்னேன் மாப்ள" என்றாள். "பாசி துன்னதும் கொமட்டிக்கினு வந்துச்சி. யாருக்கும் தெரியாம போயி, தூக்கோட துன்னுட்டேன். வெக்கமா இருந்துச்சி, அதான் புள்ள மேல சொல்லிட்டேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது. அத பட்டினி போடாதீங்க."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவு பெரிய தூக்கையா என்று ஒருத்தி கேட்டாள். ஒல்லியாக அழகாக இருக்கிறாள் என்று சொன்ன அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஞானம்பாளும் சிரித்தாள், கொசுவத்தைச் சரிசெய்துகொண்டே. சந்திரம்மா தலையைக் குனிந்துகொண்டு எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை நின்றாள்.

பிரவின் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு மனசு உடைந்துவிட்டது. போனில் எடுத்த படத்தை எல்லோர் முன்னாலும் அழித்தான். பட்டினி வேண்டாம் என்று ஒப்புக்கொண்டான். ஆனால் சாப்பிட்ட கையோடு ஓடிப்போய்ப் புளிச்சோறு தின்கிறவரை நம்பி அன்பரசியை எப்படி அனுப்புவது, நீங்களே சொல்லுங்கள் அத்தை, என்று வருத்தத்தோடு கேட்டான். என் வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் எங்கள் காரில் வைத்தார்.

கடப்பாக்கம் பக்கம் போகிற பஸ் மெயின் ரோட்டில்தான் நிற்கும். அம்மாவை வாசல் வரை வழியனுப்ப அன்பரசியை விட்டான். நான் கூடவே போனேன், அவள் கீழே விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ள. சந்திரம்மா காலித் தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மகளின் வளையல்களைச் சரியாக அடுக்கிவிட்டாள். அவை மறுபடி மறுபடி சரிந்தன.

அன்பரசி தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெத்திலி வெச்சிருந்தியாம்மா?" என்று கேட்டாள்.

"வெச்சிருந்தேன்."

"நல்லா இருந்துச்சா?"

சந்திரம்மா என் பக்கம் திரும்பவில்லை. காலையிலிருந்து பாசியைத் தவிர எதுவும் அவள் வாயில் படவில்லை என்பது அந்த வாசலில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"நல்லா இருந்துச்சிடி" என்றாள்.

"எனக்கு ஒரு வாய் மிச்சம் வெச்சிருக்கலாமேம்மா" என்று சொல்லிவிட்டு அன்பரசி உள்ளே போனாள்.